குங்கிலியத் திருப்பணி

திருக்குட நீராட்டு விழாவுக்கு வரும் அன்பர் பெரும்பாலோர் கண்ணீர் மல்கக் கண்டு நிற்பது, விமானத்தின் உச்சியில் கலசத்தின்மேல் புனித நீர் சொரியப்பெறும் அந்த ஒரு நாழிகையையே. ஆயின் அதற்கு முன்னரே, கூட்டம் சேராத வேளையில், கருவறையினுள்ளே அமைதியாக நிகழ்ந்து முடியும் திருப்பணி ஒன்று உண்டு. அது பந்தனம் சாத்துதல். இறைவன் திருமேனியும் அதனைத் தாங்கும் பீடமும் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில், எண்வகைப் பொருள் சேர்த்து இடித்த மருந்தினைத் திரியாக உருட்டி, இடைவெளி சிறிதும் இன்றி அழுத்தி வைப்பர். விழா ‘அட்டபந்தன மகா கும்பாபிடேகம்’ என்று அழைப்பிதழ்களில் அச்சிடப்பெறுவது இதுபற்றியே. பெயரில் முன்னிற்கும் அட்டபந்தனத்தைக் கண்டோர் மிகச் சிலர்.

சுக்கான் கல், கொம்பரக்கு, குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்பன அவ்வெட்டுப் பொருள்களாம். ஆகமங்களுக்கிடையே சிறு வேறுபாடுகள் இருப்பினும் வழக்கில் நிலைத்தது இம்முறையே. இவ்வெட்டனுள் குங்கிலியம் மற்றொரு வடிவிலும் நாள்தோறும் திருமுன்னர் வருகின்றது. தணலில் இட்ட அளவில் புகைந்து தூபமாய் எழுந்து மறைகின்ற அப்பொருளே, பீடத்தின் இடுக்கில் இறுகிப் பன்னிரண்டாண்டு அசையாது நிற்கவும் செய்கின்றது. ஒரே பொருளுக்கு இவ்விரு தொண்டும் எவ்வாறு வாய்த்தன என்பதும், அது எவ்வழியே தமிழகத்துக் கோயில்களை அடைந்தது என்பதும் அறியற்பாலன.

முதற்கண் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுதல் நன்று. இக்காலத்தே தணலில் இடும் எதனையும் ‘சாம்பிராணி’ என்று கூறிவிடுகின்றனர். உண்மையில் அச்சொல்லின் கீழ் மூவகை மரங்களின் பால் அடங்கிக் கிடக்கின்றது. ஒன்று, நம் நாட்டுக் குங்கிலியம். நடு இந்தியக் காடுகளின் சால மரமும், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரமும், கொல்லிமலை, நீலகிரி முதலிய மலைகளில் வளரும் கருங்குங்கிலிய மரமும் இதனைத் தருவன. மற்றொன்று குந்துருக்கம். அரபு நாட்டின் தென்கரையிலும் அதற்கு எதிர்க்கரையாகிய ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியிலும் விளைவது இதில் தலைசிறந்தது. இதன் இனத்து மரமொன்று நம் நாட்டு வறண்ட குன்றுகளிலும் உண்டு. மூன்றாவது, சுமத்திரா, சயாம் முதலிய கீழ்த்திசை நாடுகளின் மரத்திலிருந்து கிடைப்பது. கடைத்தெருவில் சாம்பிராணி எனப்பெறுவது பெரும்பான்மை இதுவே. மணத்தால் இவற்றைப் பிரித்தறிதல் அரிதன்று. குந்துருக்கத்தின் புகையில் எலுமிச்சைத் தோலின் சாயல் இருக்கும். கீழ்த்திசைச் சாம்பிராணி இன்மணம் கமழும். குங்கிலியம் காட்டு மரத்தின் காரமான மணம் உடையது.

பெயரிட்ட முறையில் ஒரு வேடிக்கையும் உண்டு. அரபு வணிகர் தம் நாட்டுக் குந்துருக்கத்தை ‘லுபான்’ என்பர். அவர்கள் சுமத்திராவில் வேறொரு மரத்தின் பிசினைக் கண்டபோது அதற்குச் ‘சாவக லுபான்’ என்று பெயரிட்டனர். 14-ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற இபின் பதூதா என்னும் யாத்திரிகர் குறித்துள்ள பெயரும் அதுவே. தமிழரோ, கீழ்த்திசைச் சாம்பிராணியில் பழகியபின், மேற்றிசையிலிருந்து வந்த குந்துருக்கத்தைப் ‘பறங்கிச் சாம்பிராணி’ என்றனர். அவரவர்க்குப் பழகியது எதுவோ அதுவே மூலம், பிறருடையது அதன் வகை என்பது உலகியல் போலும்!

மரம் பால் சொரிவது தன் புண்ணை ஆற்றிக்கொள்வதற்கே. பட்டையைச் சிறிது செதுக்கிவிட, பால் வெண்மையாய்ச் சுரந்து, காற்றுப் பட்டு, சில நாட்களில் துளிதுளியாய்க் கெட்டிப்படும். அதனைச் சுரண்டி எடுத்து, மீண்டும் அவ்விடத்தையே செதுக்குவர். இவ்வாறு மரத்தின் புண்ணை மூடும் இயல்பே குங்கிலியத்தின் எல்லாப் பயனுக்கும் அடிப்படை. சித்த மருத்துவர் குங்கிலிய வெண்ணெயாக்கிப் புண்ணுக்கு இடுவதும், கலம் கட்டுவோர் அதனை எண்ணெயோடு காய்ச்சி மரக்கலத்தின் பலகை இணைப்புகளில் பூசிக் கடல்நீர் புகாமற் காப்பதும் அவ்வியல்பு பற்றியனவே. நீரில் கரையாமை, சூட்டில் இளகுதல், ஆறியபின் பற்றி இறுகுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த பொருள் வேறு எளிதிற் கிடைப்பதன்று. சுவாமிமலைத் தபதியர் திருவுருவம் வார்க்கும்போது முதலில் மெழுகில் உருச் செய்வர் அன்றோ? அம்மெழுகில் குங்கிலியம் கலந்தே சேர்க்கின்றனர்; தேன்மெழுகு மட்டுமாயின் வெயிலிற் குழைந்து உருக் கெடும். ஆகவே திருவீதியில் எழுந்தருளும் செப்புத் திருமேனி, பிறக்கும்போதே குங்கிலியத்தோடு பிறந்தது எனல் மிகையன்று.

இனி, இப்பொருளின் பெயரைத் தம் திருப்பெயராகக் கொண்ட அடியாரை நினைத்தல் முறை. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் கடவூரிற் கலயன் என்று மட்டும் குறித்தார். அவர் குங்கிலியக் கலயர் ஆனது தொண்டினால். திருக்கடவூர் வீரட்டத்திறைவர்க்கு நாள்தோறும் குங்கிலியத் தூபம் இடுதலைத் தம் கடனாகக் கொண்டவர் அவர். வறுமை வந்தது. நிலம் விற்றார், உடைமை விற்றார், தூபம் மட்டும் குறையவில்லை. சுற்றமும் மக்களும் பசியால் வருந்தக் கண்ட மனைவியார், எஞ்சியிருந்த மங்கலத் தாலியைக் கழற்றி, நெல் வாங்கி வருமாறு கணவர் கையிற் கொடுத்தார். வழியில் எதிர்ப்பட்டான், குங்கிலியப் பொதி கொணர்ந்த வணிகன் ஒருவன். தாலியைக் கொடுத்துப் பொதியை வாங்கிக்கொண்டு கலயர் நேரே திருக்கோயிற் பண்டாரத்துக்குச் சென்றுவிட்டார், இல்லம் திரும்பிலர்.

இப்பகுதியைப் படிக்கும்போது நெஞ்சம் துணுக்குறாதார் இலர். மக்கள் பட்டினி கிடக்க, நெல்லுக்கென்று கொடுத்த பொருளைப் புகையும் பொருளுக்கு ஈந்தது முறையோ என்னும் வினா எழுவது இயல்பே. சேக்கிழார் அவ்வினாவை மறைத்தாரல்லர். குழந்தைகளின் பசியையும், அன்றிரவு மனைவியார் அயர்ந்து துயின்ற நிலையையும் அவர் கூறாமல் விடவில்லை. இறைவன் குபேரனைக் கொண்டு மனையெல்லாம் நெல்லும் பொன்னும் நிரப்பியது முதலில் அம்மையார் பொருட்டு; கலயர்க்கு அதன் பின்னரே, பசித்தாய், மனைக்குச் சென்று பாலடிசில் உண்பாய் என்று அருளினான். தாலி ஈந்தவர்க்கே முதற்பயன் வந்தது என்பதைப் புராணம் படிப்போர் பலர் கவனிப்பதில்லை. குங்கிலியத் தொண்டில் அம்மையார்க்குப் பாதி உரிமை உண்டு. பெயர்தான் புராணத்தில் வரவில்லை.

கலயரது வரலாற்றின் பிற்பகுதி இவ்விழாவுக்கு மிகவும் இயைபுடையது. திருப்பனந்தாளில் தாடகை என்னும் மாது மாலை சாத்தும் வேளையில் ஆடை நெகிழ, அவள் இடர் தீர இறைவன் திருமேனி சாய்ந்தது. சாய்ந்த திருமேனியை நிமிர்த்த அரசன் யானைகளைப் பூட்டி இழுத்தும் இயலவில்லை. கலயர் அங்குச் சென்று, பூங்கச்சிற் பிணித்த கயிற்றைத் தம் கழுத்திற் பூட்டி இழுத்த அளவில் திருமேனி நேர்நின்றது. நம்பியாண்டார் நம்பிகள் தம் திருவந்தாதியில், தாலி கொடுத்துக் குங்கிலியம் கொண்டமையையும் பனந்தாளில் சாய்வு தீர்த்தமையையும் ஒரே பாட்டில் இணைத்து வைத்தார். அந்த இணைப்பின் பொருத்தத்தைத் தபதியரும் குருக்களும் நன்குணர்வர். திருமேனியைச் சாயாது நிறுத்தும் பந்தனத்தில் பற்றும் தன்மை தருவது குங்கிலியமே அன்றோ!

பொதி கொணர்ந்த அவ்வணிகன் யாவன்? சேக்கிழார் பெயர் கூறிற்றிலர். ஆயின் அவன் திருக்கடவூர் வீதியில் வந்தது வியப்பன்று. கடவூர்க்கு அண்மையில் உள்ளது காவிரிப்பூம்பட்டினம். மேற்கு மலையிற் பிறந்த ஆரமும் அகிலும் அத்துறைக்கு வந்தன என்றும், ஈழத்துப் பொருளும் காழகத்துப் பொருளும் அங்குக் குவிந்தன என்றும் பட்டினப்பாலை கூறும். காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். பூவும் புகைப்பொருளும் சுமந்து விற்றுத் திரிவோரை அந்நகர வீதிகளில் இளங்கோவடிகள் காட்டுகின்றார். அப்பட்டினத்திலிருந்தே தம் முன்னோர் பாண்டி நாட்டுக்குப் பெயர்ந்தனர் என்பது நகரத்தார் வழிவழியாகப் போற்றிவரும் மரபு. புகைப்பொருள் வணிகம் அவர்தம் பழைய ஊரின் வாழ்வில் ஒன்றியிருந்தது என்பதில் ஐயமில்லை.

பாண்டி நாட்டுக்கும் துறை இல்லாமல் இல்லை. தொண்டியோர் அகிலும் துகிலும் சந்தனமும் கருப்பூரமும் கலங்களில் கொணர, அவற்றின் மணத்தைச் சுமந்து கீழ்காற்று கூடல் நகர் புகுந்தது என்று சிலப்பதிகாரம் ஓரிடத்துக் கூறும். சேர நாட்டிலும் தொண்டி ஒன்று உண்டு. எனினும் காற்று கிழக்கிலிருந்து வந்தது என்றமையால், தேவகோட்டைக்குக் கிழக்கே கடலோரம் இன்றும் உள்ள தொண்டியையே ஈண்டுக் கொள்ளுதல் பொருந்தும். செட்டிநாட்டு ஊர்களுக்கு அணித்தாய கடற்றுறை அது.

மேற்கடல் வழிக்கும் சான்று மண்ணிலிருந்தே கிடைத்துள்ளது. ஓமான் நாட்டின் தோபார்க் கரையில் சும்ஃகுரம் என்னும் பழைய துறை ஒன்று உண்டு. குந்துருக்கத்தைக் கப்பலேற்றுவதற்கென்றே எழுந்த நகரம் அது; 2000-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் குந்துருக்க நிலத்தின் பிற பகுதிகளோடு அதனையும் உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. அங்கு இத்தாலிய ஆராய்ச்சியாளர் நிகழ்த்திய அகழ்வில் 2006-ஆம் ஆண்டு பானையோடு ஒன்று கிடைத்தது. அதில் பழந்தமிழ் எழுத்தில் ‘ணந்தை கீரன்’ என்னும் பெயர் பொறிக்கப்பெற்றிருந்தது. காலம் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது. கீரன் என்பது சங்கப் புலவர் பலர்க்கும் வழங்கிய பெயர். குந்துருக்கம் விளையும் கரையில் தன் பெயரெழுதிய பாண்டத்தை விட்டுவிட்டுப் போன தமிழன் அங்கு எதற்காகச் சென்றிருப்பான் என்று விரித்துக் கூறவேண்டுவதில்லை. அதே காலத்துக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த கடல்வழிக் குறிப்பேடும், குந்துருக்கம் சிந்து நதி முகத்துறைக்கு இறக்குமதியானதைப் பதிவு செய்துள்ளது.

கீழ்த்திசையில் சான்று இன்னும் தெளிவானது. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூசு என்னும் துறை, கருப்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பெயர் போனது. அதனருகே 1873-இல் கண்டெடுக்கப்பெற்ற தமிழ்க் கல்வெட்டொன்று கி.பி. 1088-ஆம் ஆண்டுக்குரியது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகப் பெருங்குழு ‘வாரோசு’ எனப்பெற்ற அவ்வூரில் கூடித் தம் கலங்கள் செலுத்த வேண்டிய கட்டணத்தை நிறுவியதை அது கூறுகின்றது. அதற்குப் பதினோராண்டு முன்னர், 1077-இல், சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூது சீனம் சென்றது. அவர்கள் கொண்டுசென்ற பொருள்களின் பட்டியலைச் சீன அரச வரலாறு எழுதி வைத்துள்ளது. முத்தும் யானைத் தந்தமும் பன்னீரும் கோட்டமும் கிராம்பும் ஆகியவற்றோடு குந்துருக்கமும் அப்பட்டியலில் உள்ளது. மேல்கடலில் கொண்டு கீழ்கடலில் விற்கும் இடைநிலமாகத் தமிழகம் இருந்தமை இதனாற் போதரும்.

இவ்வணிகத்திற்கும் கோயிலுக்கும் இருந்த உறவைக் காணச் சுமத்திராவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. சிவகங்கை மாவட்டத்திலேயே, திருஞானசம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் ஆகிய பிரான்மலையில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உளது. ஐந்நூற்றுவர் முதலிய பல திசை வணிகர் கூடி, தாம் விற்கும் சரக்கு ஒவ்வொன்றின் மீதும் இவ்வளவு எனக் கோயிலுக்குக் கொடுக்க உடன்பட்ட ஆவணம் அது. உப்பு, பாக்கு, மிளகு, இரும்பு, பருத்தி, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், கருப்பூரத் தைலம் எனச் சரக்கின் பெயர்கள் நீள்கின்றன. யானையும் குதிரையும்கூட விடுபடவில்லை. அங்காடியின் முழு உருவையே கல்லில் எழுதிவிட்டனர். இந்த ஏற்பாட்டின் கருத்தே பிற்காலத்தில் நகரத்தார் வழங்கிய ‘மகமை’யிலும் காணப்படுகின்றது. வரவில் ஒரு சிறு கூறு கணக்கேட்டில் இறைவன் பெயரால் முதலிலேயே ஒதுக்கப்பெறும். மிஞ்சியதைக் கொடுப்பதன்று அது. பினாங்கிலும் பர்மாவிலும் சைகோனிலும் கிட்டங்கி வைத்துத் தொழில் செய்தபோது அவர்கள் சென்ற இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுந்தது. சிங்கப்பூர்க் கோயில் 1859-இல் அமைந்தது. கீழ்த்திசைச் சாம்பிராணி கூடிய துறைகளும் இவையே. இளையாற்றங்குடி முதலாகப் பிள்ளையார்பட்டி ஈறாக உள்ள ஒன்பது நகரக் கோயில்களின் கருங்கல் திருப்பணியில் கடல் கடந்து ஈட்டிய பொருள் கலந்து நிற்கின்றது.

புகைப்பொருளின் பெருமை ஒரு சமயத்துக்கே உரியதன்று. எகிப்தியர் கோயில்களிலும் எருசலேமிலும் குந்துருக்கம் புகைந்தது. ஏசு பெருமான் பிறந்தபோது கீழ்த்திசை ஞானியர் பொன்னோடு அதனையும் கொணர்ந்தனர் என்பர் கிறித்தவர். தமிழ்நாட்டுத் தர்காக்களில் சாம்பிராணிப் புகை இடுவதை யாவரும் அறிவர். சைவத்தில் அதற்குள்ள இடத்துக்கு அப்பர் பெருமானின் முதற் பதிகமே சான்று. சூலை நோயால் துடித்த அந்நிலையில், தாம் மறவாது செய்தனவாக அவர் நீரையும் மலரையும் அடுத்துத் தூபத்தைச் சொல்கின்றார். செட்டிநாட்டு மனைகளில் வெள்ளிக்கிழமைதோறும் பூசையறையிலிருந்து புறப்படும் தூபக்கால், வளவைச் சுற்றி, தலை முழுகிய பெண்களின் கூந்தலுக்கும் தொட்டிலிற் கிடக்கும் மகவுக்கும் புகை காட்டிவிட்டே ஆறும்.

இனி, அட்டபந்தனத்துக்கு மீள்வோம். எட்டுப் பொருளையும் தனித்தனியே பொடித்துச் சலித்து, அளவறிந்து கூட்டி, வெண்ணெய் சேர்த்துக் கல்லில் இட்டு இடிப்பர். முதலில் பொடியும் மணலுமாய் நொறுங்கும் கலவை, நெடுநேரம் இடிக்க இடிக்கச் சூடேறி இளகி, பிசைந்த மாவு போல் ஒன்றுபடும். அப்பதம் தவறாமல் கருவறைக்குள் கொண்டுசென்று சாத்துதல் வேண்டும், ஆறினால் கல்லாகிவிடும். பீடத்தின் கீழே யந்திரத் தகடும் மணியும் பொன்னும் இடுவதற்கு அன்பர் பலர் முந்துவர். மருந்து இடிக்க முன்வரும் தோள்கள் குறைவு. மருந்து நன்கு அமைந்தால் அபிடேக நீரும் பாலும் பீடத்தினுள் இறங்கா. காலம் செல்லச் செல்ல அது உலர்ந்து வெடிக்கும். ஆதலின் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பழையதைக் களைந்து புதியது இடுதல் வழக்கமாயிற்று. வேலை எளிதாகும் என்று அண்மைக் காலத்து ஒட்டுப் பசைகளை நாடுவாரும் ஆங்காங்கு உளர். கல்லோடு கல்லாய்ப் பிடித்துக்கொள்ளும் அப்பசை, அடுத்த குடமுழுக்கின்போது களைய வராது. திருமேனிக்கே ஊறு நேரும். இளகிப் பற்றி, காலம் வந்தபோது ஊறின்றி விடுவது குங்கிலியத்தின் குணம்.

இக்குணமுடைய பொருளின் வரவு இப்போது குறைந்து வருகின்றது என்பதே கவலைக்குரியது. எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் ஆகிய நாடுகளின் குந்துருக்க மரங்களை ஆராய்ந்தோர் 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, அங்கு இளமரங்கள் தோன்றுதல் பெரும்பாலும் நின்றுபோயிற்று. இருபது ஆண்டுக்குள் விளைவு பாதியாகக் குறையக்கூடும். அளவின்றிப் பட்டையைச் செதுக்குதலும், கால்நடை மேய்ச்சலும், காட்டுத் தீயும் காரணங்கள். நம் நாட்டிலும் நிலை வேறன்று. திருப்பதியை உள்ளிட்ட சேசாசல மலைத்தொடரில் வளரும் குந்துருக்க இனம் வேறெங்கும் பரவாதது. அது அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளானதாகக் கணிக்கப்பெற்றுள்ளது. மேற்கு மலையின் வெள்ளைக் குங்கிலியமும் அருகி வருகின்றது. கருங்குங்கிலியத்துக்காக மரத்தின் அடியைச் சுற்றித் தீ மூட்டும் வழக்கம் மலைகளில் உண்டு. பால் மிகுதியாய் வடியும், சில ஆண்டுகளில் மரம் பட்டுவிடும். மலைவாழ் மக்களை இதற்காகக் குறை கூறுதல் முறையன்று. அவர்கள் கைக்கு வரும் விலை மிகச் சிறிது. மரத்தை ஆற விட்டு மறு ஆண்டு வரை காத்திருக்கும் வசதி அதில் இல்லை.

மற்றொருபுறம், அங்காடியில் கிண்ண வடிவிலும் கட்டி வடிவிலும் விற்கப்பெறும் சாம்பிராணியில் பெரும்பாலும் கரித்தூளும் மரத்தூளும் செயற்கை மணமுமே உள்ளன. தீக்குச்சி கிழித்தால் புகைகின்றது என்ற எளிமை பற்றி அவை கோயில்களுக்குள்ளும் நுழைந்துவிட்டன. வெள்ளியில் தூபக்கால் செய்தளித்து அதில் பெயர் பொறிப்போர் பலர். அத்தூபக்காலில் நாள்தோறும் இடுவதற்குரிய குங்கிலியத்துக்கு முதல் வைப்போர் சிலர். கலயனார் தூபக்கால் கொடுத்ததாகப் புராணம் கூறவில்லை.

சோழர் காலத்து அறக்கட்டளைகள் அளவில் மிகவும் கண்டிப்பானவை. ஒரு நந்தா விளக்குக்கு நாள் ஒன்றுக்கு உழக்கு நெய் என்றும், அந்நெய் குறையாது வருதற்கு 96 சாவா மூவாப் பேராடுகள் என்றும் கல்லில் வெட்டினர். விளக்குக்கு ஏதேனும் உதவி என்று எழுதவில்லை. தூபத்துக்குக் கட்டளை எழுதும் அன்பர்களும் அம்முறையைப் பின்பற்றுதல் தகும். எந்த மரத்தின் பால், எந்த மலையிலிருந்து, ஒரு காலத்துக்கு எத்தனை கிராம், ஆண்டுக்கு எத்தனை கிலோ, யார் பார்த்து வாங்குவது என்பன சாசனத்திலேயே இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் கலயனார் குருபூசை நாளாகிய ஆவணி மூலத்துக்கு முன் ஓராண்டுக்குரிய குங்கிலியத்தை ஒருங்கே வாங்கிப் பண்டாரத்தில் வைத்துவிட்டால், அடுத்த ஆவணி வரை கடைச் சாம்பிராணியை நாட வேண்டிய தேவை எழாது.